எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 ஆகஸ்டில் எனக்கு, இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் என்ற அறுவை சிகிச்சை நடந்தது. அன்று நான் 118 கிலோ, உயரம் 158 செ.மீ. ஒன்றரை வருடத்தில் 76 கிலோவுக்கு இறங்கினேன், இப்போது 81-இல் நிற்கிறேன். முதல் வருடத்திலிருந்தே போன் வர ஆரம்பித்துவிட்டது. கூட வேலை பார்க்கும் டீச்சரின் தங்கை, பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரரின் மகன், யாரோ கொடுத்த நம்பரை வைத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா என்று பலர் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் இருந்த சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொன்ன பதில்களையும் கீழே வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தின் அளவையும் ஆபரேஷன் தேவையா என்பதையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகு அடுப்படியிலும் பந்தியிலும் என்ன நடக்கும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

அக்கா, இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன்தானே?

இல்லை. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைப்போசக்‌ஷன். அது உடம்பின் வடிவத்துக்காகச் செய்வது, சுகருக்கோ பிரஷருக்கோ அதனால் பயன் இல்லை. எடைக்குறைப்பு அறுவையில் கொழுப்பைத் தொடுவதே இல்லை. இரைப்பையைச் சிறிதாக்குவார்கள், அல்லது சிறிதாக்கிக் குடலின் பாதையையும் மாற்றுவார்கள்.

ஸ்லீவில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு நீளக் குழாய், அரை டம்ளர் அளவுதான் பிடிக்கும். பைபாஸில் இரைப்பையின் மேல் முனையில் சுமார் 30 மி.லி. அளவில் ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைக் குடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். இரண்டுமே வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்பவை.

ஸ்லீவ் நல்லதா, பைபாஸ் நல்லதா?

ஆளைப் பொறுத்தது. இங்கே அதிகம் நடப்பது ஸ்லீவ். குடலில் கை வைப்பதில்லை, சத்துக் குறைபாடும் கொஞ்சம் குறைவு. ஆனால் வெட்டி எடுத்த இரைப்பை திரும்ப வராது. ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது கூடிவிடலாம் என்பதால் அவர்களுக்குப் பெரும்பாலும் பைபாஸைச் சொல்கிறார்கள். பல வருடமாக சுகர் உள்ளவர்களுக்கும் பைபாஸ் நன்றாக வேலை செய்கிறது.

பைபாஸ் புதுசா என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் அறுவை நிபுணர் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கி வைத்தது அது. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் பாதியை எடுத்தவர்கள் எடை குறைவதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை.

என் எடை 92 கிலோ. எனக்கு இது தேவையா?

கிலோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 160 செ.மீ. உயரத்தில் 92 கிலோ என்றால் கிட்டத்தட்ட 36. அதே 92 கிலோ 180 செ.மீ. உயரமானவருக்கு 28-தான்.

1991-இல் அமெரிக்காவில் வகுத்த அளவு, 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிரஷர் போன்ற நோயும் இருக்க வேண்டும் என்பது. 2022-இல் அமெரிக்க அறுவை நிபுணர் அமைப்பு ஒன்றும் சர்வதேச அமைப்பு ஒன்றும் சேர்ந்து அதை மாற்றின. 35-க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம், 30-லிருந்து 35 வரை உள்ளவர்களுக்குச் சுகர் போன்றவை இருந்தால் பரிசீலிக்கலாம் என்றன. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகரும் இதய நோயும் வருவதால், நமக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றும் சேர்த்தார்கள். யோசிக்கலாம் என்பதற்கு உடனே தேதி குறித்துவிட வேண்டும் என்று பொருள் இல்லை.

வாயைக் கட்ட முடியாதவங்கதானே இதைப் பண்ணிக்கிறாங்க? ஒழுங்கா நடந்தா இளைக்காதா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நோயாளியின் மாமியாரோ அண்ணனோதான். எரிச்சல்படாமல் பதில் சொல்ல நான் பழகிக்கொண்டேன்.

நான் மூன்று முறை 12 கிலோ, 15 கிலோ என்று குறைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதற்கு மேலேயே திரும்ப ஏறியது. உடம்பு எடையை இழக்கும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது. பட்டினியிலிருந்து காப்பாற்ற உடம்பு செய்யும் வேலை அது. அதிக எடையுள்ள ஒருவர் அதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார். கிரெலின் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல் பகுதியில். ஸ்லீவில் வெட்டப்படுவது அந்தப் பகுதிதான். ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள், மதியம் மணி இரண்டு ஆகியும் பசி என்ற நினைப்பே வராமல் இருந்தேன். மற்றவர்களுக்கு இப்படித்தான் இருக்குமா என்று அன்று அழுதுவிட்டேன். 38 வருடமாக எனக்குத் தெரியாத ஒன்று அது.

வாயைக் கட்டுவதும் நடப்பதும் ஆபரேஷனுக்குப் பிறகும் தேவைதான். அப்போது உடம்பும் கூட வருகிறது.

இப்பதான் ஊசி வந்துடுச்சே, ஆபரேஷன் எதுக்கு?

நியாயமான கேள்வி. எடை குறைக்கும் ஊசிகளில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே வருடம் ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. நல்ல மருந்துகள், பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறுகிறது என்பதால் நீண்ட காலச் செலவையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. மிக அதிகமாக இருந்தால், குறையும் அளவிலும் அது நிலைப்பதிலும் ஆபரேஷன் இன்னும் முன்னால் நிற்கிறது. சிலருக்கு இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள். இரண்டையும் பற்றிப் பேசும் மருத்துவரிடம் போங்கள்.

உயிருக்கு ஆபத்து இருக்கா? ஒரு பையன் இறந்துட்டான்னு பேப்பர்ல படிச்சேனே.

ஆமாம், 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்படி நடந்தது. அரசு விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. பயப்படுவதில் தப்பில்லை. அனுபவமுள்ள மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனை ஒட்டிய அளவு. ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. ஐசியூ இருக்கிறதா, இரவில் மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, ஆபரேஷன் செய்யும் மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படும் இடம் வேண்டாம். செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எங்கும் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு கவனிக்க வேண்டியது கசிவு. உள்ளே தையல் போட்ட இடம் பிரிந்து கசிந்தால் காய்ச்சல், தணியாத வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக அடிப்பது என்று தெரியும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது, ஆபரேஷன் செய்த இடத்துக்கே போக வேண்டும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும், நிபந்தனைகளோடு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் வகுத்த விதிப்படி வயது 18 ஆகியிருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கு மேல் என்றால் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சுகர் போன்றவை இருந்து, மற்ற வழிகளில் எடை குறையாமல் போயிருக்க வேண்டும். மேலே சொன்ன 27.5 கணக்கு இங்கே செல்லாது.

பாலிசி எடுத்த உடனே கேட்க முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம் என்று 2024-இல் குறைத்தார்கள். பழைய டயட் சீட்டு, சுகர் ரிப்போர்ட், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேறு வழியில் முயன்று பார்த்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் சாதமே கூடாதுங்கிறாங்க. எப்படியும் இளைக்கத்தானே போறோம்?

அந்த இரண்டு வாரம் கல்லீரலுக்காக. அதிக எடை உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து பெரிதாக இருக்கும், அது இரைப்பையின் மேலேயே கிடக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் இரண்டே வாரத்தில் சுருங்கி, மருத்துவருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். அதனால் "இனிமேல் சாப்பிட முடியாதே" என்று கடைசி வாரம் பிரியாணிக்குப் போகாதீர்கள். அந்த ஆசை எனக்கும் இருந்தது.

அதே சமயம் எண்டோஸ்கோப்பி, இதயம், நுரையீரல், தூக்கப் பரிசோதனை, ரத்தத்தில் விட்டமின் பி12, இரும்பு, விட்டமின் டி எல்லாம் பார்ப்பார்கள். மனநல ஆலோசகரிடமும் அனுப்புவார்கள், பைத்தியமா என்று பார்க்க அல்ல. கவலை வந்தால் சாப்பிடுகிற பழக்கம் உண்டா என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். புகை பிடிப்பவர்கள் சில வாரங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். அந்த நாட்களில் வீட்டில் பழகிப் பார்க்க ஒன்று உண்டு: சின்னத் தட்டு, சின்னக் கரண்டி, ஒரு வாய்க்கு இருபது முப்பது முறை மெல்லுவது, சாப்பாட்டின் நடுவே தண்ணீர் இல்லாமல் இருப்பது. பிறகு இவை உங்கள் அன்றாடமாகப் போகின்றன.

முதல் ரெண்டு நாள் ரொம்ப வலிக்குமா?

காயத்தை விட வாயுதான் படுத்தும். வயிற்றை உப்பவைக்க விட்ட காற்று தோள்பட்டையில் வந்து குத்தும். அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வார்கள். அது ரத்தக்கட்டி வராமல் இருக்கவும்தான், முனகிக்கொண்டாவது நடந்துவிடுங்கள்.

குடிப்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. 30 மி.லி. தண்ணீரைப் பதினைந்து நிமிடத்தில் குடிக்கச் சொன்னார்கள். டம்ளரில் வாய் வைத்தால் பழக்கதோஷத்தில் பெரிய மடக்கு வந்துவிடுகிறது, உடனே நெஞ்சில் பிடிக்கிறது. என் அம்மா வீட்டிலிருந்து என் மகனுக்குப் பால் ஊட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தார். அதில் ஊற்றி, நுனியில் உதட்டை வைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். இரண்டு வாரம் தண்ணீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர் எல்லாம் அதில்தான். வீட்டில் பாலாடை இருந்தால் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள்.

எப்ப இட்லி சாப்பிடலாம்?

மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர். பிறகு இரண்டு வாரம் வரை பால், மோர், புரோட்டீன் பவுடர் கலந்த பானம், வடிகட்டிய சூப். அடுத்த இரண்டு வாரம் மசித்தது: மிக்சியில் அடித்த பருப்பு, மசித்த முட்டை, கெட்டித் தயிர். அதற்குப் பிறகு குழைவானவை, அங்கேதான் இட்லி வருகிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாடு.

பசி இல்லாததால் சிலர் அவசரப்படுவதில்லை, வேறு சிலர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று இரண்டாம் வாரமே தோசையைப் பிய்த்து வாயில் போடுவார்கள். உள்ளே ஆறாத தையல் இருக்கிறது. வெளியில் காயம் ஆறியதை வைத்து உள்ளே ஆறிவிட்டதாக நினைக்காதீர்கள். ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஓர் இட்லியில் புரோட்டீன் 2 கிராம்தான் இருக்கிறது. அரை டம்ளர் வயிற்றை இரண்டு இட்லியால் நிரப்பினால் அந்த வேளை போய்விட்டது.

நாங்க சுத்த சைவம். ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரோட்டீன் எங்கிருந்து வரும்?

எல்லோருக்கும் கஷ்டமான இடம் இதுதான், சைவர்களுக்குக் கூடுதல் கஷ்டம். 60-லிருந்து 80 கிராம் என்பார்கள். அது குறைந்தால் உடம்பு தசையைக் கரைக்கும், முடி கொட்டும், படி ஏறினால் கால் துவளும். நம் சாப்பாட்டில் சாதம் நடுவில் மலை மாதிரி இருக்கும், கூட்டு ஓரத்தில் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் பன்னீரோ பருப்போ சுண்டலோ, பிறகு காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சாதம்.

100 கிராம் பன்னீரில் ஏறக்குறைய 18 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் எட்டு ஒன்பது. உலர்ந்த மீல்மேக்கர் 20 கிராமை ஊறவைத்தால் 10 கிராம் கிடைக்கும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்தால் அதே கிண்ணத்தில் புரோட்டீன் கூடும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முட்டை 6 கிராம், மீனும் கோழியும் இருந்தால் வேலை இன்னும் எளிது. முதல் சில மாதங்கள் பவுடர் இல்லாமல் சமாளிப்பது கடினம், வெட்கப்படாமல் வாங்குங்கள். வாசனை பிடிக்காவிட்டால் மோரில் கலந்து சீரகமும் உப்பும் போட்டுக் குடியுங்கள். இனிப்புச் சேர்த்த வெனிலா குமட்டியவர்களுக்கு நான் சொன்ன இந்த வழி ஒத்துவந்திருக்கிறது.

சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாதா? விக்கினா என்ன பண்றது?

விக்கினால் ஒரு வாய் குடியுங்கள். மற்றபடி சாப்பிட்டபின் அரை மணி நேரம் தண்ணீர் வேண்டாம். சின்ன வயிற்றில் தண்ணீர் இடத்தை அடைக்கும், அல்லது உணவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சீக்கிரம் பசிக்க வைக்கும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை இடைவேளைகளில் குடித்துவிட வேண்டும். ரசத்தைச் சாதத்தில் ஊற்றாமல் பதினோரு மணிக்குத் தனியாகக் குடிக்கப் பழகினேன், இன்றும் அப்படித்தான்.

ரெண்டு வாய் சாதத்துக்கே நெஞ்சில அடைச்சு, நுரை நுரையா எச்சில் வருது. ஏதாவது ஆயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. வேகமாகச் சாப்பிட்டதாலோ சரியாக மெல்லாததாலோ அடைத்திருக்கும். உருட்டிய சாதம், பிரெட், காய்ந்த கோழி, பரோட்டா இவற்றில் அதிகம் நடக்கும். அப்படியே நிறுத்துங்கள், எழுந்து மெல்ல நடங்கள். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், வலி கூடும். சாதத்தை உருட்டும் பழக்கத்தை விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் சின்ன ஸ்பூனில் சாப்பிடுவது நல்லது.

தினமும் வாந்தி, தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் கதை வேறு. குழாய் குறுகியிருக்கலாம். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் பி1 என்ற தயாமின் தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மூளையே பாதிக்கப்படலாம். மருத்துவமனைக்குப் போய் எனக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கிறது, பி1 பாருங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

இனிப்பு சாப்பிட்டா படபடன்னு வேர்த்து மயக்கம் வருதே?

அதன் பெயர் டம்பிங். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம். சர்க்கரை குடலுக்குள் சட்டென இறங்குவதால் பத்து முப்பது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சுகர் கீழே விழும். பாயசம், அல்வா, ஜூஸ் மூன்றும் முதலில் நிற்க வேண்டியவை. நின்ற பிறகும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கல்யாணத்துக்குப் போனா என்ன செய்யிறது? இலையில வெச்சுட்டுப் போயிடுறாங்க.

எனக்கு ஆபரேஷனை விடப் பெரிய பயம் இதுதான். நான்காவது மாதம் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறும் தம்பி வேண்டாம் என்று சொல்லும் முன் இரண்டு வடை, ஒரு கரண்டி பொங்கல் வைத்துவிட்டுப் போய்விட்டான். எதிரே பெரியம்மா. இலையில் மிச்சம் வைத்தால் என்ன நினைப்பார்களோ என்று மூன்று வாய் வேகமாகப் போட்டேன், மேலே சொன்ன நுரை வந்தது. கை கழுவும் இடத்துக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது என் இலையை யாரோ மூடியிருந்தார்கள்.

அதிலிருந்து எனக்கு ஒரு முறை உண்டு. கிளம்பும் முன் வீட்டில் சுண்டலோ முட்டையோ சாப்பிட்டுவிடுவேன். பந்தியில் ஓரத்து இருக்கையில், மகன் பக்கத்தில் உட்காருவேன். சாதம் வரும்போதே இரண்டு கைகளையும் இலையின் மேல் விரித்து மறைத்துக்கொள்வேன். கூட்டும் பருப்பும் மட்டும் வாங்கிக்கொள்வேன். வீணாவது மனசு உறுத்தினால் பந்திக்கே உட்காராமல் மொய் எழுதிவிட்டு மணமக்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாப்பிடாமல் போகிறாயே என்று சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். வயிறு சரியில்லை பெரியம்மா என்ற ஒரு வரி போதும்.

எல்லாரும் சுகர் வந்துடுச்சா, உடம்புக்கு என்னன்னு கேக்குறாங்க. ஆபரேஷன்னு சொல்லணுமா?

சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. நம் ஊரில் ஒருவர் வேகமாக இளைத்தால் சுகர், டி.பி., இல்லாவிட்டால் மனக்கவலை என்றே நினைப்பார்கள். கூட வசிப்பவர்களுக்கும், அவசரத்தில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒருவருக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன் என்பது பொய் இல்லை. ஆனால் அதே உடல் எடையோடு தவிக்கும் ஒருவர் எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டால், வெந்நீரும் நடையும்தான் என்று சொல்லாதீர்கள். அவர் வெந்நீர் குடித்துப் பார்த்துவிட்டுத் தன்னையே நொந்துகொள்வார்.

நாலாவது மாசம் முடி கொத்துக் கொத்தா வருது!

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கும் வரும். வேகமாக எடை இழந்த அதிர்ச்சியில் முடி ஓய்வுக்குப் போகிறது, வேர் சாவதில்லை. ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்பி வரும். புரோட்டீன், இரும்பு, துத்தநாகம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

மாத்திரை எத்தனை வருஷம் போடணும்?

ஆயுள் முழுக்க. இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடுகிறது. மல்டிவிட்டமின், பி12, டி, கால்சியம், தேவைப்படுபவர்களுக்கு இரும்பு. கால்சியம் உணவோடு சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி. வரை, சிட்ரேட் வகை நல்லது. கால்சியத்தையும் இரும்பையும் இரண்டு மணி நேரம் பிரித்துப் போடுங்கள். இரும்பு மாத்திரையை காபியோடு விழுங்காதீர்கள்.

நான் இரண்டாம் வருடம் நிறுத்திவிட்டேன். நன்றாக இருந்தேன், எடை 76, பிறகு எதற்கு மாத்திரை என்று. எட்டு மாதம் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வகுப்பு வரை நடந்து போயிருக்கிறேன், ஒரு மாணவி அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். பரிசோதித்தால் பி12 அடிமட்டத்தில். வாரக்கணக்கில் ஊசி போட்டேன். மரத்துப்போனது பெரும்பாலும் சரியானது, இடது சுண்டு விரலில் மட்டும் இன்னும் முழு உணர்ச்சி இல்லை. முதல் வருடம் மூன்று நான்கு முறை, பிறகு வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் இதில் சேரும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை பைபாஸ் செய்தவர்களுக்கு வயிற்றில் புண் உண்டாக்கும், ஸ்லீவிலும் தவிர்ப்பது நல்லது. தலைவலிக்கு பாரசிட்டமால் போதும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே சுகர் மாத்திரையை நிறுத்திட்டாங்க. சுகர் குணமாயிடுச்சா?

அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட சுகர் நோயாளிகளில் 72 சதவீதம் பேருக்கு இரண்டு வருடம் கழித்துச் சுகர் விலகியிருந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது 36 சதவீதம். அன்று செய்த ஆபரேஷன்கள் பெரும்பாலும் பழைய வகை என்றாலும், திரும்ப வரலாம் என்பது உண்மை. மாத்திரை இல்லாமல் கழிந்த வருடங்களும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் லாபம்தான். கண், கால், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) பரிசோதனைகளை விடாதீர்கள். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், அளவைக் குறைப்பது மருத்துவர் வேலை. தூக்கத்தில் மாட்டும் சிபாப் கருவியைக் குறட்டை நின்றுவிட்டது என்று நீங்களே கழற்றி வைக்க வேண்டாம், மறுபடி பரிசோதித்த பிறகு பார்க்கலாம்.

மூணாவது வாரமே எடை நின்னுடுச்சு. ஆபரேஷன் வேலை செய்யலையா?

எனக்கு ஒன்பது நாள் நின்றது. பெரும்பாலானவர்களுக்கு நிற்கிறது, பிறகு தானே இறங்குகிறது. எடைமெஷினை வாரம் ஒரு நாள் மட்டும் வெளியே எடுங்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் எப்ப முயற்சி பண்ணலாம்?

12 முதல் 18 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய சத்து போதாது. இங்கே ஒரு எச்சரிக்கை. பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எடை குறையக் குறைய மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கருத்தரிப்பது நடக்கிறது. ஆறு வருடமாக இல்லாதது இப்போதா வரப்போகிறது என்று இருந்துவிடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையைக் கேளுங்கள். கர்ப்பமானால் சுகர் பரிசோதனைக்கு குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். டம்பிங் வரலாம் என்பதால் ஆபரேஷன் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாலை போடலாமா, விரதம் இருக்கலாமா, நோன்பு வைக்கலாமா?

முதல் வருடம் வேண்டாம். புரோட்டீனும் தண்ணீரும் சேர்வதே பெரும்பாடாக இருக்கும் காலம் அது. அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஐயப்பனுக்கு மாலை போட்ட ஒருவர் மூன்றாம் வருடம் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சைவ விரதம் இருந்தார், சிரமம் இல்லை.

எங்க வீட்டுக்காரர் எப்பவாவது குடிப்பார். ஆபரேஷனுக்கு அப்புறம் குடிக்கலாமா?

முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கண்டிப்பாகக் கூடாது. அதற்குப் பிறகும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். முன்பு நாலு ரவுண்டில் வந்தது இப்போது ஒன்றில் வரும், சீக்கிரம் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனபிறகு குடிக்கு அடிமையானவர்கள் உண்டு, பைபாஸ் செய்தவர்களிடம் இது தெளிவாகவே பார்க்கப்பட்டிருக்கிறது.

வலது விலாவுக்குக் கீழ வலிக்குது, இதுவும் ஆபரேஷனாலதானா?

பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எந்த வழியில் வேகமாக எடை குறைந்தாலும் கல் உருவாகும். அதைத் தடுக்கப் பல மருத்துவர்கள் முதல் ஆறு மாதம் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை தருகிறார்கள். ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

தோல் தொங்குது. உடற்பயிற்சி செஞ்சா சரியாகுமா?

தசை உறுதியாகும், தொங்கும் தோல் முழுசாக உள்ளே போகாது. வயது, எத்தனை வருடம் எடை இருந்தது, எவ்வளவு குறைந்தது என்பதைப் பொறுத்தது. மடிப்புகளில் வேர்த்துப் புண்ணாகாமல் துடைத்து உலர்த்தி வையுங்கள், பருத்தி உள்ளாடை உதவும். அறுவை செய்து எடுக்க வேண்டுமானால் எடை நிலையாக நின்றபிறகு, ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்துச் செய்வார்கள். அழகுக்கானது என்று இன்சூரன்ஸில் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள்.

நாப்பது கிலோ குறைஞ்சும் கண்ணாடியில குண்டாத்தான் தெரியறேன். யார்கிட்டயும் சொல்ல முடியலை.

எனக்கும் இருந்தது. பஸ்ஸில் இருவர் இருக்கையில் இடம் இருந்தும், நெருக்கியடிக்குமே என்று நின்றுகொண்டே வந்தேன். ஜவுளிக்கடையில் கை தானாகப் பெரிய அளவுக்கே போகும். கண்ணும் மனசும் உடம்பை விட மெதுவாகத்தான் வருகின்றன. இன்னொன்றும் நடக்கும். முன்பு கோபம் வந்தால் சாப்பிட்டோம், இப்போது கோபம் அப்படியே நிற்கிறது. சாப்பாடு மூடிவைத்திருந்த சண்டைகள் வீட்டில் வெளியே வரும். கணவர் தன்னைவிட்டு விலகிவிட்டாளோ என்று சந்தேகப்படுவதும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் பார்த்த அதே ஆலோசகரிடம் இப்போது போங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்து. தூக்கம் போய், வாழ்வதில் பிடிப்பே இல்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மூணு வருஷம் கழிச்சு ஏழு கிலோ ஏறிடுச்சு. எல்லாம் வீணா?

இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது. எனக்கு 76-லிருந்து 86 வரை போனது. வயிறு விரிந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவமானமாக இருந்ததால் வருடாந்திரப் பரிசோதனையை எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது. மூன்று வேளைச் சாப்பாடு சின்னதாகத்தான் இருந்தது. மாலையில் பேப்பர் திருத்தும்போது முறுக்கு, மிக்சர், காபியில் நனைத்த பிஸ்கட். இவை எதுவும் அடைக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும், எவ்வளவு போனாலும் வயிறு நிறைந்ததாகச் சொல்லாது.

வேகமாக ஏறினால் காரணம் தேட வேண்டும்: தைராய்டு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, உறக்கமின்மை. தேவைப்பட்டால் மருந்தோ மறு ஆபரேஷனோ உண்டு. அதற்கு முன்னால் அந்த நோட்டோடு டயட்டீஷியனைப் பாருங்கள். நான் போன அன்று எடைமெஷினில் ஏற்றுவார் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு வேளை சாப்பிட இப்ப எத்தனை நிமிஷம் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். முதல் வருடம் இருபத்தைந்து நிமிடம். அன்று காலை, ஸ்கூல் வேன் வந்துவிட்டதென்று, ஏழு.